நீர்மேல் நிற்கும் குமிழியின் நிறங்களை மேக்ரோவில் எடுப்பது எப்படி?

தண்ணீர்மேல் நிற்கும் ஒரு சோப்புக் குமிழியைக் குனிந்து பாருங்கள். பச்சை, ஊதா, பொன் எல்லாம் ஒன்றோடொன்று கலக்காமல் ஓடிக்கொண்டிருக்கும். அதையே மேக்ரோவில், அதாவது மிக நெருங்கிப் பெரிதாகத் தெரியும்படி, கேமராவில் எடுத்தால் பெரும்பாலும் கிடைப்பது ஒரு சாம்பல் வளையமும் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியும்தான். முதல் இரண்டு மாதம் எனக்குக் கிடைத்ததெல்லாம் அந்தப் படம்தான். சோப்பு சரியில்லை என்று சோப்பை மாற்றினேன். லென்ஸ் போதவில்லை என்று கடன் வாங்கி வேறொரு லென்ஸில் எடுத்தேன். இரண்டும் காரணமில்லை. வெளிச்சம் எவ்வளவு அகலத்திலிருந்து வருகிறது, ஃபோகஸ் எதன்மேல் போய் உட்காருகிறது, இந்த இரண்டு இடத்தில்தான் தவறிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் அந்த இரண்டு மாதத்தைச் செலவழிக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். படி 3, படி 7 இரண்டையும் மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். குமிழியின் நிறம் சாயம் இல்லை. படலத்தின் மேல்பரப்பிலிருந்து திரும்பும் ஒளியும் கீழ்ப்பரப்பிலிருந்து திரும்பும் ஒளியும் சேரும்போது, படலத்தின் தடிமனைப் பொறுத்துச் சில நிறங்கள் வலுக்கும், சில நிறங்கள் அழியும். ஆக, நாம் எடுக்கப்போவது பிரதிபலிப்பை. அந்தப் பிரதிபலிப்பும் மிக மங்கலானது. படலம் அதிகபட்சமாகத் திருப்பி அனுப்புவது, தன்மேல் நேராக விழும் ஒளியில் சுமார் 8 சதவீதம்தான். கீழே வரும் பாதி ஆலோசனைகளுக்கு இந்த ஒரு எண்தான் காரணம்.

1. செலவு: எதை வாங்கலாம், எதை வாங்க வேண்டாம்

கேமரா ஏற்கெனவே இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். லென்ஸ் மாற்றக்கூடிய எந்தக் கேமராவும் போதும், பழையதானாலும் பரவாயில்லை.

மேக்ரோவுக்குள் நுழைய மிகக் குறைந்த செலவு, லென்ஸைத் திருப்பிப் பொருத்தும் வளையம். அதற்கு அடுத்தது எக்ஸ்டென்ஷன் குழாய். உள்ளே கண்ணாடி இல்லாத வெறும் குழாய் என்பதால் விலை மலிவு. 50 மி.மீ. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் 50 மி.மீ. குழாய் வைத்தால் ஏறத்தாழ 1:1 உருப்பெருக்கம் வந்துவிடும், அதாவது பொருள் சென்சாரில் தன் உண்மையான அளவிலேயே விழும். லென்ஸின் முன்னால் திருகும் குளோஸ்-அப் வில்லையும் உண்டு. ஒற்றைக் கண்ணாடியில் செய்த மலிவான வகையில் ஓரங்களில் நிறம் பிரியும். நாம் எடுப்பதே நிறம் என்பதால் அது வேண்டாம்.

உண்மையான மேக்ரோ லென்ஸ் செலவு அதிகம். வாங்குவதானால் 90 முதல் 105 மி.மீ. வரை உள்ளதைப் பாருங்கள். குமிழிக்கும் லென்ஸுக்கும் நடுவில் கை நுழைய இடம் கிடைக்கும், வெளிச்சத்துக்கும் இடம் கிடைக்கும். பழையதாக, கையால் ஃபோகஸ் செய்யும் வகை கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். இந்த வேலையில் ஆட்டோ ஃபோகஸை எப்படியும் அணைத்துத்தான் வைப்போம்.

என்னைக் கேட்டால் முதல் செலவை ஃப்ளாஷில் செய்யுங்கள். கேமராவிலிருந்து கழற்றி வைத்து இயக்கக்கூடிய சாதாரண ஃப்ளாஷ் ஒன்று, அதோடு அதைக் கேமராவிலிருந்து மின்ன வைக்கும் ஒரு டிரிகர். எந்த நிறுவனத்தினுடையதானாலும் சரி, பவரைக் கையால் குறைக்க முடிந்தால் போதும். அதற்கப்புறம் ட்ரைபாட், முடிந்தால் கேமராவை மில்லிமீட்டர் கணக்கில் முன்பின் நகர்த்தும் ஃபோகஸ் ரெயில்.

வாங்கக் கூடாத ஒன்று: வட்டப் போலரைசர் ஃபில்டர். பிரதிபலிப்பை வெட்டத்தான் அது இருக்கிறது. நமக்கோ பிரதிபலிப்புதான் படம். நீர்ப்படலத்தை ஏறத்தாழ 53 பாகைச் சாய்விலிருந்து எடுக்கும்போது போலரைசர் தப்பான பக்கம் திரும்பியிருந்தால், நிறம் மொத்தமும் காணாமல் போகும். லென்ஸில் ஏற்கெனவே இருந்தால் கழற்றிவிடுங்கள். அந்த இடத்தில் சாதாரணத் தெளிகண்ணாடி ஃபில்டரை மாட்டுங்கள். குமிழி உடையும்போது கண்ணுக்குத் தெரியாத துளிகள் தெறித்து லென்ஸில் ஒட்டும், அது சோப்புப் படலமாகக் காய்ந்து அடுத்த நூறு படத்தையும் மங்கலாக்கும்.

கைபேசியில் எடுப்பவர்களுக்கு: மேக்ரோ வசதி உள்ள கைபேசிகள் பல, அகலக்கோண லென்ஸில் மிக நெருங்கித்தான் எடுக்கின்றன. அவ்வளவு கிட்டே போனால் கைபேசியின் நிழலும் உருவமும் குமிழியில் பாதியை அடைத்துக்கொள்ளும். கிளிப் போட்டு மாட்டும் மேக்ரோ வில்லையை முதன்மை லென்ஸ்மேல் வைத்து எடுப்பது மேல். வெளிச்ச விதிகள் அதற்கும் இதேதான்.

2. பாத்திரமும் கரைசலும்

பாத்திரம் கறுப்பாக இருக்க வேண்டும். அந்த 8 சதவீதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் தட்டு தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும், அந்த வெள்ளத்தில் படலத்தின் நிறம் மூழ்கிவிடும். உள்பக்கம் கறுப்பான, ஆழம் குறைந்த, அகன்ற தட்டு எடுங்கள். இல்லாவிட்டால் கறுப்பு அக்ரிலிக் துண்டைத் தட்டின் உள்ளே அடியில் வைத்து மேலே சோப்புக் கரைசலை ஊற்றுங்கள். தண்ணீரில் மை கலந்து கறுப்பாக்கவும் பார்த்தேன். குமிழி சீக்கிரம் உடைந்தது, தட்டும் கையும் கறையானதுதான் மிச்சம்.

கரைசலுக்கு நான் கடைசியாக நிலைத்த அளவு இது: காய்ச்சி வடித்த நீர் 10 பங்கு, பாத்திரம் கழுவும் திரவம் 1 பங்கு, கிளிசரின் 1 பங்கு. கிளிசரின் நீர் ஆவியாவதைத் தாமதப்படுத்தும், கரைசலைக் கொழகொழப்பாக்கி வடிவதையும் மெதுவாக்கும். அதிகமானால் நிறங்கள் தடித்து நகராமல் நிற்கும், படம் உயிரில்லாமல் இருக்கும். குழாய்த் தண்ணீர் உப்பாக இருக்கும் இடங்களில் காய்ச்சி வடித்த நீரைத் தவிர்க்காதீர்கள். கட்டிச் சோப்பைக் கரைத்தால் அந்த உப்போடு சேர்ந்து ஆடை படியும், அதனால் திரவமே நல்லது. மணமும் நிறமும் குறைந்த திரவமாகப் பாருங்கள்.

கரைசலை முந்தின நாள் இரவே கலந்து மூடி வையுங்கள். நுரை முழுக்க அடங்கியிருக்க வேண்டும். தட்டில் ஊற்றும்போது ஓரமாகச் சாய்த்து மெதுவாக ஊற்றினாலும் சில குட்டிக் குமிழிகள் வரும். ஒரு தடித்த காகிதத்தின் விளிம்பால் மேல்பரப்பை ஒருமுறை வழித்து ஓரம் சேர்த்து எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, யாரும் சொல்லித் தராமல் நான் தடுமாறியது. குமிழியை நடுவில் ஊதினால் அது நகர்ந்து தட்டின் ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். மறுபடி நடுவில் ஊதினால் மறுபடி ஓரம். தண்ணீர் தட்டின் சுவரை ஒட்டிச் சற்று மேலேறி நிற்கும், குமிழி அந்த மேட்டைத் தேடிப் போகிறது. தட்டைச் சமதளத்தில் வைத்து, விளிம்புக்கு ஒரு மயிரிழை மேலே தண்ணீர் முட்டி நிற்கும்வரை நிரப்புங்கள். இப்போது மேடு நடுவில் இருக்கும், குமிழியும் நடுவிலேயே நிற்கும். இதற்காகத் தட்டின் கீழே பெரிய தட்டு ஒன்றை வைப்பது அவசியம், வழியத்தான் செய்யும். நிரப்ப முடியாத தட்டு என்றால், மெல்லிய கம்பியை வளையமாக வளைத்து நீர்மட்டத்தில் படும்படி வைத்து அதற்குள் ஊதலாம்.

3. வெளிச்சம்: குமிழிக்கு வானம் கட்டுங்கள்

எல்லாம் இங்கேதான் இருக்கிறது, நிதானமாகப் படியுங்கள்.

குமிழி ஒரு குவியாடி. தன்னைச் சுற்றியுள்ள அறை முழுவதையும் சுருக்கித் தன்மேல் காட்டும். அறையில் ஒரு விளக்கு மட்டும் எரிந்தால், அந்த விளக்கின் உருவம் விழும் சிறு புள்ளியில் மட்டும் நிறம் தெரியும். மற்ற இடமெல்லாம் இருண்ட சுவரைக் காட்டிக்கொண்டிருக்கும். விளக்கின் பவரை எத்தனை மடங்கு ஏற்றினாலும் அந்தப் புள்ளி இன்னும் வெளுக்குமே தவிர நிறம் பரவாது. நான் பல வாரம் செய்தது இதைத்தான். குமிழி முழுக்க நிறம் வேண்டுமானால், குமிழி பார்க்கும் திசையெல்லாம் ஒரே சீரான வெள்ளையாக இருக்க வேண்டும்.

இதற்கு நான் பயன்படுத்துவது, ஒளி ஊடுருவும் வெள்ளை பிளாஸ்டிக் கிண்ணம். தட்டைவிடச் சற்றுப் பெரியதாக, தூய வெள்ளையாக, மஞ்சள் பூக்காததாக இருக்கட்டும். கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் அடிப்பகுதியில் லென்ஸ் பார்க்கும் அளவுக்கு மட்டும் வட்டமாக ஒரு துளை வெட்டுங்கள். வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள், கையைக் கிழிக்கும். பக்கத்தில் உறிஞ்சுகுழல் நுழைய இன்னொரு சிறு துளை. இந்தக் கிண்ணத்தைத் தட்டின்மேல் கவிழ்த்தால் குமிழிக்கு ஒரு வெள்ளை வானம் கிடைத்துவிடும். ஃப்ளாஷை வெளியே வைத்து, கிண்ணத்தின் சுவரைப் பார்த்து அடியுங்கள். ஒரே ஃப்ளாஷ் என்றால் எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்துங்கள். கிண்ணம் காற்றையும் தடுக்கும், உள்ளே ஈரத்தையும் பிடித்துவைக்கும். கிண்ணம் போட்ட நாளிலிருந்து என் குமிழிகளின் ஆயுள் கண்கூடாகக் கூடியது.

இப்போது இரண்டு விஷயம் உங்களைக் குழப்பும்.

முதலாவது, நடுவில் ஒரு கறுப்பு வட்டம். அது நீங்கள் வெட்டிய துளையின் உருவம். துளை சிறிதாகவும் தூரமாகவும் இருந்தால் வட்டம் சுருங்கும். உதாரணத்துக்கு, குமிழியின் விட்டம் 20 மி.மீ., துளை 60 மி.மீ. அகலம், அது குமிழியிலிருந்து 100 மி.மீ. உயரம் என்றால் நடுவில் சுமார் 3 மி.மீ. அளவுக்கு இருட்டு விழும். கேமராவைச் சாய்த்தால் வட்டம் வேறு இடத்துக்கு நகருமே தவிர மறையாது, ஏனென்றால் லென்ஸை நேராகப் பார்க்கும் ஒரு புள்ளி குமிழியில் எப்போதும் இருக்கும். நீண்ட லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஆதாயம்.

இரண்டாவது, வெளி ஓரம் இருட்டாகவே இருக்கும். நேர் மேலிருந்து பார்க்கும்போது, படலம் 45 பாகைக்கு மேல் சரிந்துவிட்ட இடங்கள் வானத்தைக் காட்டாமல் பக்கத்துத் தண்ணீரைக் காட்டுகின்றன. அதனால் நல்ல நிறம் குமிழியின் விட்டத்தில் நடு 70 சதவீதத்துக்குள்தான் கிடைக்கும். இதைக் குறையாக நினைத்துச் சரிசெய்ய முயலாதீர்கள். அந்தக் கறுப்பு வளையம்தான் நிறத்துக்குச் சட்டம் போட்டதுபோல அழகாக நிற்கிறது.

மேலிருந்து எடுக்காமல் பக்கவாட்டில், நீர்மட்டத்தை ஒட்டி எடுக்கலாமா? எடுக்கலாம், அழகாகவும் இருக்கும். கீழ்த்தண்ணீரில் விழும் உருவமும் சேர்ந்து அரைக்கோளம் முழுக்கோளமாகத் தெரியும். ஆனால் சன்னலோ விளக்கோ குமிழியில் இரண்டு தடவை விழும்: முன்பக்கப் படலத்தில் நேராக, பின்பக்கப் படலத்தின் உட்புறத்தில் தலைகீழாக. கிண்ணத்தை விட்டுவிட்டு, பெரிய வெள்ளைத் துணித்திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் கொடுத்துப் பழகுங்கள். முதல் நாளே இதில் இறங்க வேண்டாம்.

எல்இடி விளக்கில் எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மலிவான எல்இடி, மின்சாரத்தின் துடிப்போடு சேர்ந்து விநாடிக்கு 100 அல்லது 120 தடவை மங்கி ஒளிரும். வேகமான ஷட்டரில் படத்தில் பட்டை பட்டையாக விழும். வண்ணம் மாற்றும் வகை விளக்குகளில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கலந்துதான் வெள்ளை வருகிறது. அதன்கீழ் குமிழியின் நிறங்கள் வேறுமாதிரி ஆகிவிடும். ஃப்ளாஷ் இல்லையென்றால், மேகம் மூடிய பகலில் பெரிய சன்னலின் வெளிச்சம் இவை இரண்டையும்விட நல்லது.

தண்ணீரும் மின்சாரமும் ஒரே மேசையில் இருப்பதை மறக்காதீர்கள். பேட்டரியில் ஓடும் ஃப்ளாஷே பாதுகாப்பு. சார்ஜர் வயர் எதுவும் அந்த மேசைக்கு வரக் கூடாது.

4. கேமராவை நிறுத்துவது, அளவுகளை வைப்பது

கேமரா நேர் கீழே பார்க்கும்படி ட்ரைபாடில் நிறுத்துங்கள். தண்ணீர்மேல் தொங்குகிறது, அதனால் ஒவ்வொரு திருகையும் இன்னொரு தடவை இறுக்கி, கழுத்துப் பட்டையை ட்ரைபாடில் ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள். முன்பக்கம் கனத்துச் சாயாதபடி ட்ரைபாட் காலில் எதையாவது கனமாகத் தொங்கவிடுங்கள்.

ஆரம்பிக்க இந்த அளவுகளை வையுங்கள்:

மேனுவல் மோட். அப்பர்ச்சர் (லென்ஸின் ஒளித்துளை, எண் கூடக் கூடத் துளை மூடும்) எஃப் 11. ஷட்டர் 1/160 விநாடி. ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 200. ஃப்ளாஷ் பவர் 1/8. வெள்ளைச் சமநிலை 5500 கெல்வின். கோப்பு ரா (கேமரா திருத்தாத மூலப்பதிவு).

எஃப் 22 வரை மூடினால் இன்னும் ஆழமாகத் தெளியும் என்று தோன்றும். வேண்டாம். 1:1-இல் எஃப் 11 வைத்தாலே அது எஃப் 22 போலத்தான் நடந்துகொள்ளும். இன்னும் மூடினால் ஒளி வளைந்து படம் முழுக்க மென்மையாகிவிடும். ஃப்ளாஷின் பவரைக் குறைவாக வைப்பதற்கும் காரணம் உண்டு. பவர் குறையக் குறைய ஃப்ளாஷ் மின்னும் நேரமும் குறையும், விநாடியில் பல ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். ஓடும் நிறத்தை நிறுத்துவது ஷட்டர் இல்லை, அந்த மின்னல்தான். தொடர் வெளிச்சத்தில் எடுத்தால் ஷட்டர் 1/125-க்குக் கீழே போகாதபடி ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள்.

வெள்ளைச் சமநிலையை ஆட்டோவில் விடாதீர்கள். சட்டம் முழுக்க ஊதாவாக இருக்கும் ஒரு நொடியில் கேமரா அதைத் தவறென்று எண்ணிச் சாம்பலாக்கிவிடும். ஹிஸ்டோகிராமையும் (படத்தின் வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடம்) மூன்று நிறத்துக்கும் தனித்தனியாகப் பாருங்கள். மொத்த வெளிச்சம் சரியாகத் தெரியும்போதே சிவப்பு மட்டும் வலது ஓரத்தில் முட்டி நிற்கும். அங்கே மஞ்சளும் இளஞ்சிவப்பும் தட்டையான திட்டாகிவிடும், அதைப் பின்னால் மீட்க முடியாது.

5. குமிழியை வைப்பது

உறிஞ்சுகுழலை முதலில் கரைசலில் நனையுங்கள், உள்ளும் புறமும். உலர்ந்த எதுவும் படலத்தைத் தொட்டால் உடையும். நனைந்தது தொட்டால் உடையாது, ஊடுருவியே போய்வரலாம். குழலின் முனையை நீர்மட்டத்துக்கு ஒரு நூல் கீழே வைத்து மிக மெதுவாக ஊதுங்கள். உறிஞ்சிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் உதவிக்கு நின்றால் குழலுக்குப் பதில் ஊசியில்லாத சிரிஞ்சைக் கொடுங்கள், காற்றை அளந்து விடவும் அது வசதி.

அளவு எவ்வளவு? தொடங்குபவர்களுக்கு 40 முதல் 50 மி.மீ. விட்டம். சின்னக் குமிழிதான் சுலபம் என்று தோன்றும், உண்மை தலைகீழ். பெரிய குமிழியின் உச்சி தட்டையாக இருக்கும், அதிகப் பரப்பு ஃபோகஸுக்குள் வரும். ஃபுல் ஃபிரேம் (36 x 24 மி.மீ. சென்சார் உள்ள) கேமராவில் 1:1, எஃப் 11 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 1.3 மி.மீ. 50 மி.மீ. குமிழியில் அந்த ஆழத்துக்குள் உச்சியில் ஏறத்தாழ 16 மி.மீ. அகலம் அடங்கும். 20 மி.மீ. குமிழியில் 10 மி.மீ.தான்.

குழலை எடுக்கும்போது மேலே இழுக்காமல் பக்கவாட்டில் தண்ணீருக்குள்ளேயே நகர்த்தி வெளியே எடுங்கள். மின்விசிறி, ஏசி இரண்டும் அணைந்திருக்கட்டும். நீங்களும் கிண்ணத்தின் துளைக்கு நேரே மூச்சு விடாதீர்கள்.

6. நேரம்: நிறத்தைப் பார்த்து மணி சொல்லலாம்

புதிதாக எடுப்பவர்கள் குமிழி வந்ததும் படபடவென்று எடுத்துத் தள்ளுவார்கள். முதல் அரை நிமிடம் சும்மா பாருங்கள்.

ஊதியதும் படலம் தடிமனாக இருக்கும். வெளிறிய இளஞ்சிவப்பும் வெளிறிய பச்சையும் மட்டும் தெரியும். கரைசல் வடிய வடியப் படலம் மெலியும், நிறம் அழுத்தமாகும். படலத்தின் தடிமன் ஏறத்தாழ 500 நானோமீட்டரில் (ஒரு நானோமீட்டர், மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) பச்சை, 400-ஐ ஒட்டி அழுத்தமான இளஞ்சிவப்பு, 330-இல் மஞ்சள், 300-இல் மறுபடி பச்சை, 245-இல் நீலம், 200-ஐ ஒட்டி ஊதா. மனித முடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத அளவுக்குள் இத்தனை மாற்றமும் நடக்கிறது. இந்த இடைவெளிதான் உங்கள் நேரம். என் கரைசலில், கிண்ணத்தின்கீழ், ஊதி அரை நிமிடத்திலிருந்து ஒன்றரை நிமிடம்வரை கிடைக்கிறது. கரைசலும் அறையின் ஈரமும் மாறினால் அதுவும் மாறும், முதல் பத்துக் குமிழிகளுக்கு ஸ்டாப்வாட்ச் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஊதாவுக்கு அடுத்து வைக்கோல் மஞ்சள், அப்புறம் 100 நானோமீட்டரில் வெள்ளி. வெள்ளி உச்சியில் வந்துவிட்டால் முடிவு நெருங்கிவிட்டது. அதற்குப் பின் உச்சியில் கறுப்பு ஒரு பொட்டாகத் தோன்றும். அங்கே படலம் உடைந்து துளை விழுந்துவிட்டது என்றே முதலில் நினைத்தேன். படலம் இருக்கிறது. 30 நானோமீட்டருக்கும் கீழே மெலிந்ததால் இரண்டு பரப்பிலிருந்தும் வரும் ஒளி ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். கறுப்பின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல இருக்கும், அதைச் சுற்றி வெள்ளி, பொன், ஊதா என்று அடுக்கடுக்காக வளையங்கள். நான் எடுத்ததில் எனக்கு மிகப் பிடித்த படம் இந்தக் கடைசி சில நொடிகளில் கிடைத்தது. அதனால் வெள்ளி வந்ததும் கைவிட்டுவிடாதீர்கள், அங்கே விரல் ஷட்டரிலேயே இருக்கட்டும்.

வளையங்களே வேண்டாம், சுழல்கள் வேண்டும் என்றால், நிறம் அழுத்தமான பிறகு பக்கத் துளை வழியாகக் குழலை நீட்டி, படலத்தைத் தொடாமல் அதன்மேல் ஒரு துளி மூச்சு விடுங்கள். நிறங்கள் கலைந்து பட்டுநூல் பிரிவதுபோலச் சுழலும். உடனே எடுத்தால் குழப்பமாக இருக்கும். இரண்டு மூன்று நொடி பொறுத்தால் பெரிய சுழல்கள் அடங்கி உருவம் பெறும். யாரும் ஊதாமலே கிடைக்கும் அழகும் ஒன்று உண்டு. குமிழி தண்ணீரைத் தொடும் அடி விளிம்பைக் கவனியுங்கள். அங்கிருந்து மெலிந்த திட்டுகள் புகைபோல ஒவ்வொன்றாக மேலே ஏறிக்கொண்டே இருக்கும்.

எந்த நாளில் எடுப்பது என்றால், மழை பெய்து அடங்கிய நாள், இல்லையேல் விடியற்காலை. காற்றில் ஈரம் இருக்கும்போது படலத்தின் நீர் மெதுவாக ஆவியாகும். காய்ந்த மதியத்தில் நீங்கள் ஃபோகஸ் வைப்பதற்குள் உடைந்துவிடும்.

7. ஃபோகஸ்: படலத்தின்மேல், பிம்பத்தின்மேல் அல்ல

வெளிச்சம் சரியான பிறகும் என் படங்களில் சுழல்கள் மட்டும் மங்கலாகவே இருந்தன. அதே படத்தில் விளக்கின் விளிம்பு மட்டும் ஊசிபோலத் தெளிவாக இருக்கும். கேமரா ஆடுகிறது என்று நினைத்து ட்ரைபாடையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

நடந்தது இது. குவியாடியில் தெரியும் பிம்பம் கண்ணாடியின் மேலே இருப்பதில்லை, உள்ளே, ஆரத்தில் ஏறத்தாழப் பாதி தூரத்தில் இருக்கிறது. 50 மி.மீ. குமிழியில் அது படலத்துக்கு 10 மி.மீ.க்கும் மேல் உள்ளே. நமக்குக் கிடைக்கும் ஆழமோ 1.3 மி.மீ. ஆட்டோ ஃபோகஸ் எப்போதும் அழுத்தமான விளிம்பைத் தேடும், விளக்கின் பிம்பத்தைவிட அழுத்தமான விளிம்பு அங்கே வேறில்லை. அதைப் பிடித்துக்கொள்ளும், நிறம் இருக்கும் படலம் வெளியே நின்றுவிடும்.

அதனால் மேனுவல் ஃபோகஸ். லென்ஸின் வளையத்தை உருப்பெருக்கம் வேண்டிய இடத்தில் வைத்துவிட்டு, கேமராவையே ரெயிலில் ஏற்றி இறக்குங்கள். திரையில் உருப்பெருக்கிப் பாருங்கள், கண் தேட வேண்டியது இரண்டு நிறம் சந்திக்கும் கோட்டை. அதுவும் பிடிபடவில்லையென்றால் நனைத்த குச்சியின் நுனியால் உச்சியை மெல்லத் தொட்டு, அந்தத் தொடுபுள்ளியில் ஃபோகஸ் வைத்துவிட்டுக் குச்சியை எடுங்கள். பிறகு கேமராவை அரை மி.மீ. கீழே இறக்குங்கள். உச்சிக்குச் சற்றுக் கீழே ஃபோகஸ் இருந்தால்தான் கிடைத்த ஆழம் முழுவதும் படலத்தில் பயன்படும்.

ஒரே குமிழியில் அரை மி.மீ. விட்டு விட்டு ஏழெட்டுப் படம் எடுங்கள், ஒன்று சரியாக விழும். அவற்றையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து முழுக்குமிழியையும் தெளிவாக்கலாமே என்று கேட்பீர்கள். நிறம் ஓடிக்கொண்டே இருப்பதால் ஒரு படத்தின் சுழல் அடுத்த படத்தில் இருக்காது, சேர்த்தால் பேய் உருவங்கள்தான் வரும்.

8. குறிப்பேடும் கோப்புகளும்

இதைச் சோம்பலில் விட்டவர்கள் ஒரு நல்ல நாளை மறுபடி கொண்டுவர முடியாமல் தவிப்பார்கள். நானும் தவித்தேன். ஒவ்வொரு அமர்வுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: தேதி, நேரம், மழையா வெயிலா, கரைசலின் பங்குகள், எந்தத் திரவம், கலந்து எத்தனை மணி நேரம், குமிழியின் விட்டம், கிண்ணத்துக்கும் ஃப்ளாஷுக்கும் உள்ள தூரம், எத்தனை நொடியில் நீலம் வந்தது, எத்தனை நொடியில் உடைந்தது. அப்பர்ச்சர், ஷட்டர் எல்லாம் கோப்பிலேயே பதிந்திருக்கும், மேலே சொன்னவை எங்கும் பதியாது. மேசையின் அமைப்பைக் கைபேசியில் ஒரு படம் எடுத்து அதோடு சேர்த்துவையுங்கள்.

ரா கோப்புகளைத் தேர்ந்தெடுத்தவை, மற்றவை என்று பிரித்து இரண்டு இடத்தில் சேமியுங்கள். போட்டிகளுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் தேர்ந்தெடுத்தவற்றின் மூலக்கோப்பை ஒருபோதும் அழிக்காதீர்கள். கடைசிச் சுற்றில் திருத்தாத மூலத்தைக் கேட்கும் போட்டிகள் பல. இவ்வளவு அழுத்தமான நிறத்தைப் பார்த்ததும் செயற்கையாகச் சேர்த்தது என்றே முதலில் சந்தேகப்படுவார்கள்.

9. திருத்துவது

குறைவாகச் செய்யுங்கள். கறுப்பை இன்னும் கொஞ்சம் ஆழமாக்குவது, தெரியும் தூசியை நீக்குவது, வேண்டிய அளவுக்கு வெட்டுவது, இவ்வளவு போதும். நிறச்செறிவை ஏற்றினால் நீலத்துக்கும் ஊதாவுக்கும் நடுவிலுள்ள மெல்லிய படிகள்தான் முதலில் அழியும்.

10. ஒரு அமர்வுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது

முந்தின இரவு கரைசலுக்குப் பத்து நிமிடம். காலையில் தட்டு, கிண்ணம், கேமரா எல்லாம் நிறுத்தி, முதல் குமிழியில் ஃபோகஸ் பிடிக்க ஒரு மணி நேரம். எடுப்பதற்கு ஒன்றரை மணி. அதற்குமேல் கரைசலில் தூசி சேர்ந்து குமிழிகள் சீக்கிரம் உடையத் தொடங்கும், கண்ணும் களைத்துப்போகும். கரைசலை மாற்றிவிட்டுத் தொடரலாம், நான் அங்கேயே நிறுத்திக்கொள்கிறேன். இருநூறு படத்தில் ஐந்தாறு தேறினால் அது நல்ல நாள்.

முடிந்ததும் லென்ஸின் முன் ஃபில்டரைக் கழற்றி, வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மென்துணியால் முதலில் துடைத்து, அப்புறம் உலர்ந்த துணியால் துடையுங்கள். நேரே உலர்ந்த துணியால் தேய்த்தால் சோப்பு இழுபட்டுக் கோடு விழும். ட்ரைபாடின் அடிக்காலையும் துடைத்துவிடுங்கள், கிளிசரின் பட்ட இடம் பிசுபிசுப்பாகவே நின்று தூசியை இழுக்கும். கிண்ணத்தை மட்டும் அலசிக் கவிழ்த்துக் காயவிட்டால் போதும், தேய்க்க வேண்டாம். அதில் விழும் ஒவ்வொரு கீறலும் அடுத்த தடவை குமிழியில் ஒரு கோடாகத் தெரியும்.